தமிழ் எங்கே போச்சு? (எக்ஸ்பி காலத்துக் கதை)

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷம் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று யார் வீட்டுக்குப் போனாலும் கணினி என்றால் அதுதான். பச்சைப் புல்வெளி, நீல வானம், இடது மூலையில் பச்சையாக 'ஸ்டார்ட்' பொத்தான். அந்தக் கணினிக்குத் தமிழ் தெரியும். ஆனால் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும். பின்வரிசைப் பையன் பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் இருப்பானே, அந்த மாதிரி.

அதை வாய் திறக்க வைக்கும் இடம் எது தெரியுமா? கண்ட்ரோல் பேனல். அதற்குள் 'ரீஜினல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்'. அதில் மேலே மூன்று தாவல்கள், நடுவில் இருப்பது 'லாங்குவேஜஸ்'. அதன் கீழ்ப்பாதியில் கூடுதல் மொழி வசதி என்ற தலைப்பில் இரண்டு சிறு கட்டங்கள். இரண்டுமே காலியாக இருக்கும். முதல் கட்டத்துக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால்: "சிக்கலான எழுத்து முறைகளுக்கும், வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கும் (தாய் உட்பட) உரிய கோப்புகளை நிறுவு."

இந்த வரியில் தமிழ் என்ற சொல்லே இல்லை, இந்தியா என்ற சொல்லும் இல்லை. 'தாய்' என்று இருப்பது தாய்லாந்து மொழி. தமிழ்த்தாயைத் தேடிப் போனவர்களுக்குத் தாய்லாந்துத் தாய்தான் கண்ணில் பட்டாள். அந்தக் கட்டத்தில் டிக் அடித்தால்தான் ஓர் அறிவிப்பு வரும்: அரபி, ஆர்மீனியம், ஜார்ஜியம், ஹீப்ரு, இந்திய மொழிகள், தாய், வியட்நாம் மொழி ஆகியவற்றின் கோப்புகள் நிறுவப்படும், இதற்கு 10 எம்பி அல்லது அதற்கு மேல் இடம் வேண்டும் என்று. கோடிக்கணக்கான பேர் பேசும் மொழிகள் எல்லாம் சேர்ந்து 10 எம்பி. அன்றைக்கு விற்ற ஹார்ட் டிஸ்க்குகள் 20 ஜிபி, 40 ஜிபி. இடப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. பந்தியில் யாருக்கு முதலில் இலை போடுவது என்ற கணக்குதான். நமக்கு இலை போட்டார்கள், ஆனால் கேட்டு வாங்கினால்தான்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் விண்டோஸ் 98 இருந்தபோது கேட்டு வாங்கவும் வழியில்லை. விண்டோஸுக்குள்ளேயே யூனிகோடு தமிழும் 'லதா' என்ற எழுத்துருவும் வந்தது 2000ஆம் ஆண்டின் விண்டோஸ் 2000இல்தான். அது அலுவலகக் கணினிகளுக்கானது. வீட்டுக்கு அது வந்தது எக்ஸ்பியோடு.

'சிக்கலான எழுத்து' என்று நம் எழுத்தை ஏன் சொன்னார்கள் என்று கோபப்பட வேண்டாம். காரணம் இருக்கிறது. கரும்பலகையில் 'கெ' எழுதும்போது கை முதலில் கொம்பைப் போட்டு, பிறகு ககரத்தைப் போடும். ஆனால் யூனிகோடு முறையில் கணினியின் நினைவகத்தில் முதலில் 'க' இருக்கும், பின்னால்தான் கொம்பு. காதில் கேட்கும் வரிசை அது. மெய் முதலில், உயிர் அடுத்து. தொல்காப்பியர் பக்கம் நின்று பார்த்தால் அதுதான் சரி. ஆனால் திரையில் காட்டும்போது யாராவது ஒருவர் அந்தக் கொம்பைத் தூக்கி முன்னால் வைக்கவேண்டும். 'கொ' என்றால் ஒரு குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்கவேண்டும். புள்ளியைத் தலைக்கு மேல் உட்காரவைக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு இந்த வேலை கிடையாது, ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கினால் போதும். விண்டோஸில் இந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு 'யூனிஸ்கிரைப்' என்று பெயர். நம் கட்டத்தில் டிக் இல்லாவிட்டால் அது தமிழுக்கு வேலை செய்யாது.

அப்போது என்ன ஆகும்? தமிழ் எழுத்துரு எதுவும் இல்லாத கணினியில் எல்லாம் பெட்டி பெட்டியாகத் தெரியும். எம்எஸ் ஆபீஸோடு வந்த பெரிய எழுத்துரு ஏதாவது இருந்தால் இன்னும் வேடிக்கை. எழுத்து தெரியும், ஆனால் கொம்பு எல்லாம் தப்பான பக்கம், கூடவே புள்ளிகளால் ஆன சிறு வட்டங்கள். 2003, 2004இல் மின்னஞ்சலில் தமிழைப் பார்த்து, "என்ன சார் இது, அம்மை போட்ட மாதிரி இருக்கு" என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். அதைவிடச் சரியாக நான் சொல்லிவிட முடியாது.

இந்த இடத்துக்கு நாம் எப்படி வந்தோம் என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கவேண்டும்.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. தட்டச்சுப் பொறியில் இருப்பதோ நாற்பத்துச் சொச்சம் விசைகள். இந்தக் கணக்கை முதலில் போட்டுத் தீர்த்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா. மலாயாவில் இருந்தபோது தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். பிறகு நம் ஊர்த் தெருமுனைகளில் எல்லாம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வந்தது. எஸ்எஸ்எல்சி முடித்துத் 'தமிழ் லோயர்', 'ஹையர்' பாஸ் செய்து அரசு வேலைக்குப் போனவர்கள் நம் குடும்பங்களிலேயே எத்தனை பேர். அந்த விரல்களுக்குப் பழகிய வரிசையைப் பின்னால் கணினியில் யாராலும் அவ்வளவு எளிதாக மாற்றமுடியவில்லை.

கணினி வந்தபோது முதல் பத்து வருஷம் எல்லோரும் செய்தது ஒரு தந்திரம். ஆங்கில எழுத்துகளின் முகத்தை மட்டும் மாற்றிவிடுவது. பாமினி என்ற எழுத்துருவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் 'தமிழ்' என்று திரையில் தெரிந்தால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. கணினிக்கு அது ஆங்கிலம்தான். ராஜபார்ட் வேஷம் போட்டவர் மாதிரி, வேஷத்தைக் கலைத்தால் ஆள் வேறு. எழுத்துரு உள்ள கணினியில் தமிழ், இல்லாத கணினியில் அர்த்தமில்லாத ஆங்கிலக் குப்பை. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக வேஷம் போட்டது. அரசு அலுவலகங்களில் வானவில், அச்சகங்களில் ஸ்ரீலிபி, ஒவ்வொரு பத்திரிகையின் தளத்துக்கும் தனி எழுத்துரு. ஒரு செய்தி படிக்க ஒரு எழுத்துரு இறக்கு, அடுத்த செய்திக்கு இன்னொன்று.

இதை ஒழுங்குபடுத்தப் பாடுபட்டவர்களில் பலர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு என்ற மென்பொருளைத் தொடங்கிவிட்டார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி. அவரும் நம்மைப்போல ஒரு வாத்தியார் என்பதால் எனக்குத் தனிப் பிரியம். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தமிழிலேயே இணையத்தில் ஏற்றிய முயற்சியில் அவர் கை இருந்தது. சுவிட்சர்லாந்தில் வேதியியல் விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்று ஓர் எழுத்துரு செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று அவரும் நண்பர்களும் தொடங்கியதுதான் மதுரைத் திட்டம். இன்றைக்கு நீங்கள் போனில் சங்க இலக்கியம் படித்தால், யாரோ ஒருவர் ஒருநாள் இரவு உட்கார்ந்து அடித்த பக்கமாக அது இருக்கலாம்.

1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு நடந்தது. கலைஞர் முதலமைச்சராக இருந்த காலம். அங்கே உருவான முடிவுகளின்படி அந்த ஆண்டு ஜூனில் 'தமிழ்99' விசைப்பலகையை அரசு அறிவித்தது. கூடவே டாப், டாம் என்று இரண்டு குறியீட்டு முறைகள். இணைய வழியே வெளிநாட்டுத் தமிழர்கள் பேசிப் பேசி உருவாக்கிய திஸ்கி என்ற முறை ஒரு பக்கம், அரசின் முறை ஒரு பக்கம், உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்டிருந்த யூனிகோடு இன்னொரு பக்கம். யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கொடுத்தாயிற்று. ஆனால் அது நம்மைக் கேட்டுச் செய்ததாக இல்லை. இந்திய அரசின் 'இஸ்கி' முறையைப் பார்த்து அடித்தது. வடமொழி வரிசைக்கு ஏற்ப க, க்ஹ, க, க்ஹ என்று நான்கு இடம் ஒதுக்கி, தமிழுக்கு ஒன்றை மட்டும் நிரப்பி மற்றதைக் காலியாக விட்டிருக்கிறார்கள். 128 இடம் கொண்ட தெருவில் பாதி மனை காலி. 'ன' போய் 'ந' பக்கத்தில் குடியிருக்கிறது. நம் அகரவரிசைப்படி அது கடைசியில் அல்லவா இருக்கவேண்டும்!

இந்தச் சண்டை பத்து வருஷத்துக்கு மேல் போனது. எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு, ஏற்கவேண்டியதில்லை. எந்த முறை இலக்கணப்படி சிறந்தது என்று அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில், எந்த முறை ஏற்கெனவே எல்லாக் கணினியிலும் இருந்ததோ அதுதான் ஜெயித்தது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்றது. யூனிகோடு முழுதாக ஓடாத இடங்களுக்கு என்று டேஸ்16 என்ற முறையையும் சேர்த்து அறிவித்தார்கள்.

சரி, நம் சிறு கட்டத்துக்குத் திரும்புவோம்.

டிக் அடித்து 'அப்ளை' கொடுத்தீர்கள். உடனே கணினி கேட்கும்: "எக்ஸ்பி சிடியைப் போடு." இங்கேதான் வடசென்னை மாட்டிக்கொண்டது. ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி, நம் பகுதிக் கடைக்காரர் ஒருவர் 'அசெம்பிள்' செய்து கொடுத்த கணினிகள்தான் பெரும்பாலும். "ஓஎஸ் போட்டுத் தர்றேன் சார், கவலையே படாதீங்க" என்பார். சிடி கொடுக்கமாட்டார். ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பீச் ஸ்டேஷன் பக்கம் தேடினால் கிடைக்காத சிடி இல்லை. ஆனால் அப்படி வந்த சிடிகளில் இன்னொரு வினை இருந்தது. அளவைச் சுருக்குவதற்காக யாரோ 'தேவையில்லாத' கோப்புறைகளை வெட்டி எடுத்திருப்பார்கள். முதலில் கத்தி விழுந்தது மொழிக் கோப்புறைக்கு. பாதி நிறுவும்போது "இந்தக் கோப்பைக் காணோம்" என்று நின்றுவிடும்.

காசு கொடுத்து நேர்மையாக வாங்கிய அலுவலகக் கணினியில் ஐந்து நிமிஷ வேலை. நம் தெருவில் அது ஒரு மாத வேலை. யாரிடம் முழு சிடி இருக்கிறது என்று விசாரிப்பது, அதை இரவல் வாங்குவது, வாங்கினால் உப்புக் காற்றில் கெடாமல் திருப்பிக் கொடுப்பது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், நம் ஊரில் இரும்பு மட்டும் துருப்பிடிப்பதில்லை. ராயபுரத்தில் இருந்தவர்களுக்குத் துறைமுகத்து நிலக்கரித் தூசியும் சேர்ந்துகொண்டது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது 2011இல் நிற்கும்வரை சிடி டிரைவைத் திறந்தால் உள்ளே மை பூசினது போல இருக்கும்.

2005 ஏப்ரலில் மத்திய அரசு இலவசத் தமிழ் மென்பொருள் சிடி ஒன்றை வெளியிட்டது. எழுத்துருக்கள், தமிழில் ஓர் அலுவலகத் தொகுப்பு, உலாவி எல்லாம் அதில் இருந்தன. நல்ல முயற்சி. வரிசையில் நின்று வாங்கியவர்கள் உண்டு. ஆனால் அதிலிருந்த எழுத்துருக்களில் பல, நான் மேலே சொன்ன வேஷக்கார வகையே.

கட்டம் தாண்டிவிட்டீர்கள், கணினியை மறுபடி தொடங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'டீடெய்ல்ஸ்' பொத்தானை அழுத்தி, 'ஆட்' கொடுத்து, பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்தால், கடிகாரத்துக்குப் பக்கத்தில் 'ஈஎன்' என்று ஒரு சிறு பட்டை முளைக்கும். அதைக் கிளிக் செய்து 'டிஏ' என்று மாற்றினால் தமிழ். இதற்குப் பெயர் மொழிப் பட்டை. எத்தனையோ வீடுகளில் இது வந்த வேகத்தில் காணாமல் போனது. வலது கிளிக் செய்து 'டூல்பார்ஸ்' மெனுவைத் திறந்தால் அங்கே 'லாங்குவேஜ் பார்' என்ற வரியே இருக்காது. இல்லாததை எப்படி டிக் அடிப்பது?

காரணங்களில் பாதி நாமே செய்துகொண்டது. சிடிஎஃப்மான் என்று ஒரு சிறு நிரல் பின்னணியில் ஓடும். மொழிப் பட்டையைப் பிடித்து நிறுத்திவைப்பது அதுதான். பெயர் விசித்திரமாக இருப்பதால் அதை வைரஸ் என்று நினைத்து நீக்கியவர்கள் ஏராளம். "கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு, தேவையில்லாததை எடுத்துவிடு" என்று சொல்லித் தரும் அண்ணன் ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருந்தார். அவர் எடுத்ததில் தமிழும் போய்விடும்.

இதைக் கேட்டுத்தான் சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் எண்ணூரிலிருந்து கூப்பிட்டார். இன்னும் எக்ஸ்பி கணினி வைத்திருப்பவர்களுக்கு (சிரிக்காதீர்கள், இருக்கிறார்கள்) அவரிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். முதலில் பட்டியலில் இரண்டு மொழியாவது இருக்கிறதா பாருங்கள், ஆங்கிலம் மட்டும் இருந்தால் பட்டை வராது. அடுத்து அதே பெட்டியில் 'அட்வான்ஸ்டு' தாவலில் கூடுதல் எழுத்துச் சேவையை நிறுத்து என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு 'ரன்' பெட்டியைத் திறந்து சிடிஎஃப்மான் என்று அடித்து ஓடவிடுங்கள். அப்போதும் மெனுவில் அந்த வரி வராவிட்டால், அதே 'ரன்' பெட்டியில் ரெக்-எஸ்-வி-ஆர்-32, ஓர் இடைவெளி, எம்-எஸ்-யூ-டி-பி, புள்ளி, டி-எல்-எல். ஆங்கில எழுத்தில்தான் அடிக்கவேண்டும். போனில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெற்றி என்று ஒரு சிறு பெட்டி வந்தது. 'டூல்பார்ஸ்' மெனுவில் அந்த வரி திரும்ப வந்தது. டிக் அடித்தார். 'டிஏ' வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் இந்தப் பதிவை எழுதக் காரணம். அவருடைய அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சில வருஷத்துக்கு முன் காலமானார். குப்பத்து மக்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பவர். துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டிய நாளிலிருந்து, தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தேங்கி மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே நமக்கு மணல் வரவில்லை, கடல்தான் வந்தது. வீடு போனவர்கள், படகு நிறுத்த இடம் போனவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் அவர் மனு அடித்துக் கொடுத்திருக்கிறார். எந்தத் தெரு, எந்த வீடு, கடலிலிருந்து எத்தனை அடி, எந்தக் கோயில் எப்போது விழுந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். இன்றைக்கு அந்தத் தெருக்களில் சில, கருங்கல் கொட்டிய தடுப்புக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்குள் இருக்கின்றன.

மாணவர் கோப்புகளைத் திறந்தார். தமிழ்ப் பட்டை வந்துவிட்டது, ஆனால் மனுக்கள் தமிழில் இல்லை. எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. "சார், அப்பாவோட ஃபைல் எல்லாம் கெட்டுப்போச்சு போலிருக்கே, அழிச்சிடலாமா?" என்று கேட்டார். அழிக்காதே அப்பா என்று கத்தினேன். ஒரு வரியைப் படிக்கச் சொன்னேன். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆரம்பித்தார். பாமினி! அப்பா தட்டச்சு பாஸ் செய்தவர், எக்ஸ்பிக்கு முன்பே அடித்துப் பழகியவர், கடைசிவரை அந்த எழுத்துருவை விடவில்லை. கோப்பு கெடவில்லை. வேஷத்துக்கு வேண்டிய துணிதான் அந்தக் கணினியில் இல்லை.

இந்த இடத்தில் விசைப்பலகை பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பெரியவர் ஏன் விண்டோஸ் கொடுத்த தமிழுக்கு மாறவில்லை? சோம்பல் இல்லை. மெனுவில் 'தமிழ்' என்று வந்தது இன்ஸ்கிரிப்ட் என்ற வரிசை. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக, தேவநாகரியை மனதில் வைத்து, மத்திய அரசு ஏற்பாடு செய்தது. அதில் 'அம்மா' என்று அடிக்க ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு டி, பிறகு சி, டி, சி, ஈ. புள்ளியை நாமே வைக்கவேண்டும். தமிழ்99 முறையில் ஏ, கே, கே, கியூ, அவ்வளவுதான். ஒரே மெய்யை இரண்டுமுறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். 'ந' அடித்து 'த' அடித்தால் 'ந்த' என்று தானே ஆகும். தமிழ் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்கள் செய்தது அது. தமிழ்நாட்டு அரசு 1999லேயே அறிவித்த அந்தத் தமிழ்99, எக்ஸ்பி மெனுவில் கடைசிவரை வரவில்லை. தட்டச்சு வரிசையும் வரவில்லை. மெனு திரும்பி வந்தாலும் அதில் நமக்கு வேண்டியது இல்லை என்பதுதான் நிலைமை.

அந்த ஓட்டையை அடைத்தவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து முகுந்தராஜ் 'இ-கலப்பை' செய்து இலவசமாகக் கொடுத்தார். நிறுவினால் கீழே ஒரு சிறு சின்னம் வரும், ஆல்ட் விசையோடு ஓர் எண்ணைத் தட்டினால் தமிழ். விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களும் வலைப்பக்கத்தில் யூனிகோடு தமிழைப் பார்க்கட்டும் என்று அதிராம்பட்டினத்து உமர் தம்பி 'தேனீ' எழுத்துருவைச் செய்தார். 2006இல் அவர் காலமானபோது, முகமே பார்த்திராத எத்தனையோ பேர் இணையத்தில் அழுதார்கள். ஜெர்மனியிலிருந்து சுரதா யாழ்வாணன், பழைய எழுத்துருக் குப்பையை யூனிகோடாக மாற்றும் 'பொங்குதமிழ்' செய்தார். பிறகு நியூ ஹொரைசன் மீடியாவிலிருந்து என்எச்எம் ரைட்டர் வந்தது. தமிழ்99, தட்டச்சு, பாமினி, ஆங்கில ஒலிப்பு என்று எந்த விரலுக்கு எது பழக்கமோ அதைத் தேர்ந்துகொள்ள ஒரு மெனு. பெரிய நிறுவனம் தராத மெனுவை இவர்கள் தந்தார்கள்.

2007இல் விஸ்டா வந்தபோது அந்தச் சிறு கட்டமே இல்லை. தமிழ் எழுத்து கேட்காமலேயே தெரிந்தது. விண்டோஸ் 7, அரசு மடிக்கணினி, அப்புறம் போன். உங்கள் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கட்டம் இருந்தது என்றே தெரியாது. எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரலில் நிறுத்தினார்கள். இன்றைய விண்டோஸில் தமிழ்99ம் பட்டியலில் இருக்கிறது. செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், ஆட் எ லாங்குவேஜ், தமிழ், முடிந்தது. விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்துத் தட்டினால் மொழி மாறும். சிடி கேட்காது.

ஆனால் 1990களின் நடுவிலிருந்து 2010 வரை நம் ஆட்கள் தமிழில் அடித்தவை எல்லாம் எங்கே? பள்ளி ஆண்டு மலர்கள், கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகைகள், தொழிற்சங்கத் துண்டறிக்கைகள், மீனவர் சங்கத் தீர்மானங்கள், தாத்தா எழுதிய குடும்ப வரலாறு. பெரும்பாலும் பழைய எழுத்துருவில் அடித்தவை. பரணில் கிடக்கும் சிடியில், ஃப்ளாப்பியில், திறக்காத ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. யாராவது திறந்து பார்த்தால் 'கெட்டுப்போச்சு' என்று நினைத்துப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கெடவில்லை. வேர்டில் திறந்து, மேலே எழுத்துருப் பெயர் காட்டும் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் கோப்பில் அதன் பெயர் இருக்கும். பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஏதாவது ஒன்று. அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, இணையத்தில் உள்ள மாற்றிகளில் ஒன்றில் அந்த முறையைத் தேர்ந்தெடுத்து, ஒரு பத்தியை ஒட்டிப் பாருங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் படித்துத் திருத்துங்கள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சிலசமயம் குழம்பும், எண்கள் தப்பும். அந்த மனுக்களில் எண்தான் முக்கியம், எத்தனை அடி, எந்தத் தேதி என்று. அதனால் அசல் கோப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்கக்கூடாது. எண்ணூர் மாணவரும் நானும் இதுவரை நாற்பத்தொரு மனு மாற்றியிருக்கிறோம். இன்னும் இருக்கிறது.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். ஃப்ளாப்பி படிக்கும் டிரைவ் ஒன்று என்னிடம் ஓடும் நிலையில் இருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் வீட்டில்தான் இருப்பேன், திருவொற்றியூர்ப் பக்கம் வருபவர்கள் போன் செய்துவிட்டு வரலாம். வரும்போது சிடியைத் துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள், கீறல் விழும். அப்படியே கொண்டுவாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.